இடப்பக்கத்துக் கணக்கு

எனது வாப்பா ஒரு பொட்டணி வியாபாரி. யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள் சைக்கிளில் புடவைப் பொட்டணியைக் கட்டிக்கொண்டு, பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பகுதிக்குப் போவார். அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று அவருடைய பாதை நீளும். சில நாட்களில் குறிகட்டுவானில் சைக்கிளை விட்டுவிட்டுப் படகேறி நயினாதீவுக்கும் போய்வருவார். அங்கெல்லாம் அவருக்குக் கடை கிடையாது. வீட்டுத் திண்ணைகள்தான் கடை.

பாடசாலை விடுமுறையில் என்னையும் சைக்கிளின் முன்பாரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் ஒரு யாரில் இரண்டு அங்குலமாவது வியாபாரிக்கு மிஞ்சும். வாப்பா துணியைத் தளரவிட்டு அளப்பார். அளந்து முடிந்ததும் நான்கு விரற்கடை கூட்டிக் கத்தரிப்பார். "கழுவினால் சுருங்கும் அக்கா. சுருங்கின பிறகு நீங்கள் என்னை நினைக்கக்கூடாது" என்பார். சாயம் போகும் துணியை, சாயம் போகும் என்று சொல்லியே விற்பார். பெண்கள் அவரை "நானா" என்று கூப்பிடுவார்கள். காசில்லாத மாதத்தில் அவர் வரும்போது எவரும் கதவடைத்ததை நான் காணவில்லை.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. வலப்பக்கத்தில் சனம் அவருக்குத் தரவேண்டியது. இடப்பக்கத்தில் அவர் சனத்துக்குக் கொடுக்கவேண்டியது. இரவு இஷாத் தொழுதுவிட்டு வந்து, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இடப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது என்பதும், அது கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதும் மதரசாவில் படிக்குமுன்னரே அவர் சொல்லி நான் அறிந்தவை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. தீவுப்பாதை அடைபட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் புங்குடுதீவில் ஓர் அக்கா, ஆவணியில் மகளுக்குக் கலியாணம் என்று கூறைச்சேலைக்காக நானூறு ரூபா முற்பணம் கொடுத்திருந்தார். சேலை வந்து சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சேலையும் பொட்டணியும் வீட்டோடு போயின. உம்மாவின் காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்கள். வாப்பாவின் மடியில் இருந்த கொப்பியை மட்டும் ஒருவரும் விரும்பவில்லை.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். வாப்பா வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். ஒருநாள் வலப்பக்கங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே கோடு போட்டார். "அதுகளும் ஓடித் திரியுதுகள். நான் ஹலாலாக்கிவிட்டேன்" என்றார். இடப்பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றைத் தொடவில்லை.

2004இல் அவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர், "வாப்பாவிடம் எவருக்காவது கடன் இருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று நான் அறிவித்தேன். புத்தளத்தில் நின்று சொன்னது புங்குடுதீவுக்கு எப்படிக் கேட்கும்?

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, சில வருடங்கள் புத்தளத்தில் படிப்பித்துவிட்டு, 2013இல் தீவக வலயத்துக்கு மாற்றம் கேட்டு வந்தேன். வந்த கையோடு அந்த அக்காவைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. நானூறு ரூபாதானே, ஆறுதலாகப் பார்ப்போம் என்று மூன்று வருடங்களைக் கடத்தினேன். வகுப்பில் கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் என்று கரும்பலகையில் கோடு கிழித்துப் படிப்பிக்கிற நான்தான் இப்படி இருந்தேன்.

ஒரு தடவை பிள்ளைகளை நயினாதீவுக்குக் கூட்டிப்போனோம். நாகபூசணி அம்மன் கோயிலடியில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காப்பாற்றவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. குதிரை வியாபாரம் பெரும்பாலும் அரபிகளின் கையில் இருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நாக்குத் தடுமாறியது. கப்பல் உடைந்தாலும் உடையவனின் பங்கு அழிவதில்லை என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நானோ உடைவைக் காட்டி ஒருவருடைய பங்கை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. "எங்கட வீடு போச்சு, சாமான் போச்சு. அதுக்கு ஆர் கணக்குத் தந்தது? நீ நானூறு ரூபாவைத் தூக்கிக்கொண்டு போறாய்!" அவன் கேட்டதில் பிழையில்லை. அந்தக் கணக்கு இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது. ஆனால் வாப்பா கொட்டிலில் இருந்தபோதே இதற்குப் பதில் சொல்லியிருந்தார்: "எங்களை அனுப்பினவன் வேற. சேலைக்குக் காசு தந்த அக்கா வேற."

அந்த அக்காவைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை ஆனது. பழைய வீட்டில் கூரை இல்லை. உள்ளே ஆலங்கன்று முளைத்திருந்தது. அவர் தங்கை வீட்டில் இருந்தார். எழுபது வயது கடந்திருக்கும். நான் இன்னாரின் மகன் என்றதும் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். "நாலு விரல் கூட்டி வெட்டுற நானாவின்ர மகனோ?" என்றார்.

கலியாணம் அந்த ஆவணியில் நடக்கவில்லையாம். இடம்பெயர்ந்து அலைந்து, மூன்று வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து, இரவல் சேலையில் நடந்ததாம். மகள் இப்போது பிரான்சில் இருக்கிறார்.

நான் ஓர் உறையை நீட்டினேன். கடன் நானூறுதான், மனமுவந்து கூட்டிக் கொடுக்கலாம் என்று மௌலவி ஒருவர் சொல்லியிருந்ததால் ஐயாயிரம் வைத்திருந்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் தந்தது நானூறு. கணக்குக் கணக்காய் இருக்கட்டும் தம்பி" என்று மிச்சத்தைத் திருப்பித் தந்தார். பிறகு, "அந்தக் காசை நாங்கள் மறந்திட்டம். உங்கட சனத்தை அனுப்பின விதத்தைத்தான் மறக்கேலாமல் கிடக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லையே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்து அவர் கண்ணெதிரே அந்தப் பெயரை வெட்டினேன்.

இடப்பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று நயினாதீவு: "சட்டைத் துணி அரை யார் குறைவு, அடுத்த முறை கொடுக்க" என்று வாப்பாவின் எழுத்தில் இருக்கிறது. ஜும்ஆவுக்கு அங்கே போகிற நாட்களில், படகில் வயதானவர்களைக் கண்டால் விசாரிக்கிறேன்.