உறங்கிப்போன சுரப்பி

நன்மை என்று எண்ணி நாம் செய்வது சில வேளை பெருந்தீங்காய் முடிவதுண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் என் தாய்க்கு நான் செய்ததும் அத்தகையதே. இன்னும் ஒரு குடும்பத்தில் அது நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் வீங்கி, தேங்காய் துருவவும் இயலாமல் தவித்தார்கள். மருத்துவர் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுத்தார். வலி தணிந்தது, அம்மா மீண்டும் அடுப்படிக்கு வந்தார்கள். ஈராண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஆனால் முகம் உருண்டு பருத்தது. குருதியில் சர்க்கரையும் ஏறியது.

உறவினர் திருமணம் ஒன்றில் பலரும் சூழ்ந்துகொண்டனர். “ஸ்டீராய்டு மாத்திரையா? எலும்பை அரித்துவிடுமே! இன்றே நிறுத்துங்கள்” என்றனர். படித்தவன் என்ற நினைப்பு எனக்கு. வீடு திரும்பியதும் மாத்திரை அட்டைகளை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். “டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே, தம்பி” என்றார்கள் அம்மா. “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா” என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டேன்.

நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் ஓயாத வாந்தி. ஆறாம் நாள் காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தார்கள். மருத்துவமனையில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 70 என்றார்கள். “என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள்?” என்று கேட்ட மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மறுசொல் பேசவில்லை. உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு, உப்புநீரும் ஏற்றினார். மறுநாள் காலையில் அம்மா கண் விழித்துக் காப்பி கேட்டார்கள். அதன் பின்னரே மருத்துவர் என்னை அருகில் அமர்த்தி விளக்கினார்.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் பல உள்ளன. அவை தாம் சுரப்பதை நேரே குருதியில் கலக்கின்றன. குருதிவழிச் சென்று தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் செய்தி சொல்லும் அப்பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905இல் ஆங்கில அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலைமேலும் தொப்பி போல ஓர் அட்ரீனல் சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 5 கிராமே. அது சுரக்கும் கார்டிசால் என்னும் ஸ்டீராய்டுதான் இரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது. பசித்த வேளையில் சர்க்கரை குறையாமல் காக்கிறது. வீக்கத்தையும் அழற்சியையும் அடக்குகிறது.

இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் உயிரணுவின் வெளிச்சுவரில் நின்றே செய்தி சொல்கின்றன. கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டுகளோ சுவரைக் கடந்து உள்ளே நுழைந்து, உட்கரு வரை சென்று, எந்தப் புரதத்தை ஆக்குவது, எதனை நிறுத்துவது என்று ஆணையிடுகின்றன. அவற்றின் நன்மையும் தீமையும் உடல் முழுவதும் பரவுவதற்கு இதுவே காரணம்.

இந்தச் சுரப்பி தன் விருப்பம் போல இயங்குவதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஆணை அனுப்பினால்தான் சுரக்கும். குருதியில் கார்டிசால் போதிய அளவு இருந்தால் ஆணை குறையும். நீர்த்தொட்டி நிரம்பியதும் மிதவை குழாயை அடைப்பது போன்றது இது. மாத்திரை வடிவில் நாம் வெளியிலிருந்து தொட்டியை நிரப்பினால், மிதவை எப்பொழுதும் மேலேயே நிற்கும். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், கார்டிசால் 20 மில்லிகிராமுக்கு ஈடு. சாதாரண நாளொன்றில் உடல் சுரப்பது அதனினும் மிகுதியன்று. அம்மா உண்டதோ அதைப்போல் இருமடங்கு. ஆணையின்றிக் கிடந்த சுரப்பி ஈராண்டில் சுருங்கி உறங்கிவிட்டது. நோயுற்ற வேளையில் உடல் வழக்கத்தைவிடப் பன்மடங்கு கார்டிசாலை நாடும். அந்த வேளையில், உள்ளே சுரப்பும் இல்லை. வெளியிலிருந்து வந்ததையும் நான் பறித்துவிட்டேன்.

அப்படியானால் இம்மருந்தே தீயதோ? அன்று. 1948இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த இளம்பெண் ஒருத்திக்கு ஹென்ச் என்னும் மருத்துவர் முதன்முதலாகக் கார்டிசோன் கொடுத்தார். சில நாள்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புவதையும், நெடுநாள் கொடுத்தால் பக்கவிளைவுகள் தோன்றுவதையும் அம்மருத்துவர்களே கண்டறிந்தனர்.

உறங்கிய சுரப்பியை மெல்லத்தான் எழுப்ப வேண்டும். மருத்துவர் மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். இடையிடையே காலை எட்டு மணிக்குக் குருதி எடுத்துக் கார்டிசால் அளவைச் சோதித்தார். மூட்டுவாதத்திற்கு வேறு மருந்து தந்தார். சுரப்பி முற்றும் விழித்தெழ ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

சில நாள் மட்டும் உண்ணும் ஸ்டீராய்டுக்குப் பொதுவாக இந்த அச்சம் இல்லை. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் உண்பவர்களோ தாமாக நிறுத்தவும் கூடாது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தாமாகத் தொடரவும் கூடாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மருந்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

அம்மாவுக்கு இப்பொழுது 81 வயது. மருத்துவமனையில் கண் விழித்த அந்தக் காலையில், “பயந்துவிட்டாயா, தம்பி?” என்று மட்டுமே கேட்டார்கள். நான் எறிந்த மாத்திரைகளைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. எவரேனும் மாத்திரையை நிறுத்துவதாகச் சொன்னால் மட்டும், “டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்பார்கள். அவ்வேளைகளில் நான் தலைகுனிந்துகொள்கிறேன்.