முப்பது நாளும் ஒரு மணிலா அட்டையும்

நீண்ட விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், லீவுல பிள்ளைய எந்தக் கிளாசுக்கு அனுப்பலாம்?" ஆங்கிலம், மனக்கணக்கு, நீச்சல் என்று பட்டியலையும் அவர்களே நீட்டுவார்கள். உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் சொன்னால், விளையாட்டாகச் சொல்கிறேன் என்றெண்ணிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு விடுமுறை எப்படிக் கழிந்தது என்பதை எழுதினால், நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கு விளங்கக்கூடும்.

அவ்வாண்டுப் பள்ளித் தவணை பிப்ரவரி 17-இல்தான் தொடங்கியது. சனவரி 18 முதல் முழுதாக 30 நாள் விடுமுறை. சீனப் பெருநாளும் தைப்பூசமும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. அப்போது என் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. அம்மா காலமான பிறகு அப்பாவும் ஈப்போவில் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு அப்போது 77 வயது. சிறு வயது முதலே பால்மரம் வெட்டியவர். பேச்சு மிகக் குறைவு.

முதல் வாரம் வீட்டு வேலைக்கென்று ஒதுக்கினோம். வாசல் இரும்புக் கதவின் துருவைச் சுரண்டிச் சாயம் பூசினோம். கதவில் பட்டதைவிடப் பிள்ளைகள் மேல் பட்டதே மிகுதி. பின்புறம் கீரைப் பாத்தி போட்டோம். அதைக் கோழி கிளறிவிட்டது.

மழை பெய்த ஒரு நாளில்தான் மகளிடம் ஒரு மணிலா அட்டையைக் கொடுத்துக் குடும்ப மரம் வரையச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில் எங்களுக்கு இஃது ஓர் இடுபணியாக இருந்தது. வகுப்பில் உறவுப் பெயர்களைக் கற்பிக்கும்போது நான் படும் பாடு ஆசிரிய நண்பர்களுக்குத் தெரியாததன்று. மாமாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள், எதிர்வீட்டுக்காரரும் அங்கிள். ஒரு மாணவனிடம் "உன் அம்மாவின் தம்பியை எப்படி அழைப்பாய்?" என்று கேட்டபோது, "அவர் ஜொகூர்ல இருக்காரு டீச்சர், கூப்பிட்டதில்ல" என்றான். அவனைத் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழைக்க ஆளில்லாத சொல்லை எத்தனை முறை எழுதவைத்தாலும் அது நாவில் தங்குமா?

மகள் அட்டையோடு தாத்தாவிடம் போனாள். தம் பெற்றோர் பெயரைச் சொன்னார். "உங்ககூடப் பொறந்தவங்க?" என்று கேட்டாள். அப்பா சற்று நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு அக்கா" என்றார். பெயரைச் சொல்லவில்லை. அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே நின்றது.

அந்த அக்கா என் அத்தை. அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். பாட்டியின் கருமாதியன்று எழுந்த ஒரு சொல் வளர்ந்து, ஏழு ஆண்டுகளாக அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சொல் என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இவ்வளவுதானா என்று தோன்றும்.

இரண்டாம் வாரம் கோலகங்சாருக்குப் புறப்பட்டோம். அரண்மனை, பள்ளிவாசல் எல்லாம் பார்த்தோம். ஆனால், நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பியது மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் ஒரு முதிய இரப்பர் மரத்தை. 1877-இல் அங்கு நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அஃது ஒன்றே. நம் முன்னோரைக் கப்பலேற்றி இந்நாட்டுக்கு அழைத்து வந்த மரங்களுக்கெல்லாம் மூத்தது என்று மகனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

அப்பாதான் வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, நான் எதிர்பாராத வகையில் பேசத் தொடங்கினார். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியவேண்டும், அப்போதுதான் பால் நிறையச் சுரக்கும் என்றார். கத்தி பட்டைக்குள் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், ஆறினாலும் முண்டு தட்டிவிடும், மறுபடியும் அங்கே வெட்ட வராது என்றார். பெரட்டு, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால் என்று அவர் அடுக்கிய சொற்களைப் பேரன் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். "ஒங்களுக்கு யாரு தாத்தா சொல்லிக்கொடுத்தா?" என்றான்.

"எங்க அக்காதான். அதோட நிரையிலதான் நான் பழகுனேன்."

திரும்பும் வழியில் சுங்கை சிப்புட்டை நெருங்கியபோது, "வீடு அங்கேயேதான் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார். என் கணவர் ஒன்றும் கேட்காமல் நகருக்குள் மகிழுந்தைத் திருப்பினார்.

அத்தை வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாம்மா" என்று என்னைத்தான் அழைத்தார். தம்பியை அழைக்கவில்லை. தேநீர் வந்தது. பேச்சு வரவில்லை. இப்படியே எழுந்து வந்துவிடுவோமோ என்று நான் அஞ்சிக்கொண்டிருந்தபோது, என் மகள், "நான் உங்கள எப்படிக் கூப்பிடணும்?" என்று அத்தையிடமே கேட்டுவிட்டாள். "ஒங்கம்மாவுக்கு அத்தை. ஒனக்கு அத்தைப்பாட்டி" என்றார். பெயரையும் கேட்டு எழுதிக்கொண்ட பின், கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்றாள்.

"துறையூரு" என்றார் அத்தை.

"முசிறி" என்றார் அப்பா. ஏழு ஆண்டுகளில் அவர் அக்காவிடம் சொன்ன முதல் சொல் அதுதான்.

பிறகு இருவரும் ஓயவில்லை. இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தை 1938-இல் நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கில் இறங்கினார் எங்கள் தாத்தா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தோட்டத் துண்டாடல் காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார் என்பதிலும் ஒற்றுமைதான். ஊர் மட்டும் ஒத்துவரவில்லை. "ஒனக்கு என்ன தெரியும், நீ ஆயாக்கொட்டகையில கெடந்த பய" என்றார் அத்தை. அப்பா சிரித்துவிட்டார். பிள்ளைகள் தாத்தாவையே பார்த்தார்கள். அவரை யாரும் 'பய' என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

பழைய பிணக்கைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று குனோங் சீரோ கோயிலுக்கு வந்த அத்தை, பிற்பகலில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். கூடத்தில் ஒட்டியிருந்த அட்டையைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். காலமான தம் கணவரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தச் சொன்னார். மேல்வரிசைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏன்டிம்மா, இங்க ஊரு ரெண்டு இருக்கு?"

"ரெண்டையும் பென்சில்லதான் எழுதியிருக்கேன், அத்தைப்பாட்டி" என்றாள் மகள்.