சனது இல்லாத கஞ்சி



மத்ரஸா ஆசிரியன் ஒருவன் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நேரத்தை வீணாக்கும் பொழுதுபோக்கு என்று மாணவர்களிடம் அவற்றைப் பலமுறை கண்டித்தவன்தான் நானும். என் எண்ணத்தை மாற்றியவர்கள் என் உம்மா.

உம்மாவுக்கு வயது 78. மூன்று ஆண்டுகளாக மறதி நோய். சில நாட்களில் என்னையே பார்த்து, "நீங்க யாரு வாப்பா?" என்று கேட்பார்கள். மஃரிபுக்குப் பின் அவர்கள் அமைதியாக அமர்ந்திருப்பதற்காக என் மனைவி சமையல் நிகழ்ச்சி ஏதேனும் ஒன்றைப் போட்டு வைப்பார். ஒருநாள் திரையில் ஒரு பெண் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கஞ்சி கொதித்து வரும் வேளையில் அவர் வெந்தயத்தை அள்ளிப் போட்டதுதான் தாமதம், உம்மா உரத்த குரலில், "இப்பப் போட்டா வேகாது புள்ள, கசக்கும். அரிசியோட ஊறப் போடணும்" என்றார்கள். பெற்ற மகனின் பெயரை மறந்த நாவு, கஞ்சியின் பக்குவத்தை மறக்கவில்லை. மனைவி ஓடிச்சென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஹதீஸ் பாடத்தில் சனதின் சிறப்பை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஒவ்வொரு பெயரையும் ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. ஆனால், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் குடித்த கஞ்சியை உம்மா யாரிடம் கற்றார்கள்? உம்மம்மாவிடமா? வாப்பாவின் தாயாரிடமா? ஒருநாளும் நான் கேட்டதில்லை. நான் சொன்னதெல்லாம், "உப்பு பத்தல உம்மா" என்பது மட்டும்தான். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். இதை வகுப்பில் அழகாக விளக்கிவிட்டு வந்து, வீட்டில் அதற்கு நேர்மாறாக நடந்தவன் நான்.

2019-இல் தொடங்கிய 'குக் வித் கோமாளி' பல வீடுகளில் சிரிப்பைத் தந்தது. 2021-இல் 'மாஸ்டர்செஃப்' தமிழிலும் வந்தது. அவற்றைப் பார்ப்போரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும், போட்டி, கடிகாரம், நடுவர், வெளியேற்றம் என்ற இந்த அமைப்பில், ஒரே உணவை ஐம்பது ஆண்டுகள் சமைத்த ஒரு மூதாட்டிக்கு இடமில்லை. ஆகவே, நான் காண விரும்பும் நிகழ்ச்சிகள் வேறு.

முதலாவது, சனதுடன் கூடிய சமையல். முதியவர்களின் அடுப்பங்கரைக்கே சென்று, அவர்கள் யாரிடம் கற்றார்கள், எந்த ஊரிலிருந்து அந்தப் பக்குவம் வந்தது என்று கேட்க வேண்டும். கீழக்கரையின் தொதல், காயல்பட்டினத்தின் களறிக்கறி, நாகூரின் வாடா, இலங்கைக்கும் நம் கடலோர ஊர்களுக்கும் பொதுவான வட்டிலப்பம் என ஒவ்வொன்றுக்குப் பின்னும் பல தலைமுறைப் பெண்கள் நிற்கிறார்கள். 'ஒரு பிடி', 'ஒரு சிட்டிகை' என்பதை அங்கேயே தராசில் நிறுத்துக் காட்ட வேண்டும். நாங்கள் நிறுத்துப் பார்த்தோம்: உம்மாவின் ஒரு பிடி அரிசி 45 கிராம், என்னுடையது 60. அவர்களின் கணக்கை என் கையால் அளந்திருந்தால் கஞ்சி சோறாகியிருக்கும்.

இரண்டாவது, மீந்ததைச் சமைக்கும் நிகழ்ச்சி. வலீமா முடிந்த மண்டபங்களில் இலையோடு குப்பைக்குச் செல்லும் சோற்றைப் பார்த்திருப்பீர்கள். போட்டிதான் வேண்டுமென்றால், யாருடைய குப்பைக்கூடை எடை குறைவாக இருக்கிறதோ அவருக்குப் பரிசு கொடுக்கட்டும். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்று கற்பிக்கப்பட்ட நமக்கு, அந்தக் கணக்கை அடுப்பில் செய்து காட்டும் ஒருவர் தேவை.

மூன்றாவது, அண்டை வீட்டுச் சமையல். குழம்பு வைத்தால் சற்றுத் தண்ணீரை அதிகமாக்கி, அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எங்கள் பக்கத்து வீட்டினர் இறைச்சி உண்ணாதவர்கள். கைமா சேர்ப்பதற்கு முன்பே அவர்களுக்கான கஞ்சியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பது உம்மாவின் வழக்கம். பொங்கலன்று அவர்கள் வீட்டுத் தூக்குவாளி எங்கள் வீட்டுக்கு வரும். இப்படிப்பட்ட இரண்டு வீடுகளை அடுத்தடுத்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சி, பல மேடைப் பேச்சுகளால் ஆகாததைச் செய்யும்.

இவற்றைத் தொலைக்காட்சி நிலையங்கள் எடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உம்மா வாய்விட்டுச் சொன்ன துண்டு துண்டான சொற்களைச் சேர்த்து, சென்ற ரமளானில் நானே கஞ்சி காய்ச்சினேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, ஊறவைத்த வெந்தயம், இஞ்சி பூண்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால். மஃரிப் பாங்கு சொன்னதும் முதல் கோப்பையை உம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உப்பு பத்தல" என்றார்கள்.

மனைவி சிரித்துவிட்டார். எனக்குக் கண்கள் கலங்கின. நோட்டுப் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொண்டேன். யாரிடம் கற்றார்கள் என்ற பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. கேட்டால், "தெரியலியே வாப்பா" என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் நினைவு தெளிவாக உள்ள ஒரு முதியவர் இருந்தால், இன்றே அவர் அருகில் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். நம் பெற்றோரை அல்லாஹ் கண்ணியப்படுத்துவானாக. அவர்களின் உழைப்புக்கு நிறைவான கூலியை வழங்குவானாக. ஆமீன்.