களிமண் தகடும் ஹைட்ரஜனும்

டொயோட்டா மிராய் காரின் தொட்டியில் 700 பார் அழுத்தம். அதைத் தாங்குவது வெளியே சுற்றியிருக்கும் கார்பன் இழை. வாயுவை உள்ளே நிறுத்திவைப்பது நைலான் லைனர். பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் கசிய ஓட்டை தேவையில்லை. கரைந்து, மெல்ல மறுபக்கம் வந்துவிடும்.

*

ஐ.நா. விதி: 55 டிகிரியில், ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு மணிக்கு 46 மில்லிலிட்டருக்கு மேல் கசியக் கூடாது. 120 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு ஐந்தரை லிட்டர். எடையில் அரை கிராம்தான்! எரிபொருள் நஷ்டம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. விதியின் கவலை எல்லாம் மூடிய கார் ஷெட். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

*

கசிவைக் குறைக்க ஒரு வழி களிமண். 1980களின் பிற்பகுதியில் டொயோட்டா ஆய்வகம் நைலான் 6-க்குள் மான்ட்மொரில்லோனைட் களிமண்ணைத் தகடு தகடாகப் பிரித்துக் கலந்தது. ஒரு தகட்டின் கனம் 1 நானோமீட்டர், அகலம் சுமார் 100. முதலில் பயன்பட்டது காரின் டைமிங் பெல்ட் மூடிக்கு.

வாயு ஒவ்வொரு தகட்டையும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நீல்சனின் 1967 சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன்: கன அளவில் 3 சதவீதக் களிமண்ணுக்கே கசிவு 39 சதவீதமாக இறங்குகிறது. எல்லாத் தகடும் பிரிந்து, படுத்துக் கிடந்தால்! உருக்கிக் கலக்கும்போது அவை கட்டி தட்டும், கண்டபடி சாயும். மெல்லிய பூச்சில் படுக்கவைப்பது சுலபம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் க்ரன்லன் குழு படலத்தைப் பாலிமரிலும் களிமண் நீரிலும் மாறி மாறி முக்கி எடுக்கிறது. அவர்கள் வைத்த பெயர் 'நானோ செங்கல் சுவர்'.

*

களிமண்ணுக்குப் பதில், ஓரணு கனமே உள்ள கார்பன் தகடான கிராஃபீன்? 2020-இல் வந்த அளவீடு: ஹீலியத்தை விடவில்லை, அதைவிடப் பெரிய மூலக்கூறான ஹைட்ரஜனை விட்டது. மடிப்புகளில் ஹைட்ரஜன் அணுவாகப் பிரிந்து நுழைகிறதாம்.

*

களிமண் பூச்சைத் தொட்டியில் எங்கே பூசுவது? லைனரின் வெளிப்பக்கம் பூசினால் கசிவு குறையும், லைனர் மட்டும் வாயுவில் ஊறிக் கிடக்கும். தொட்டியை வேகமாகக் காலியாக்கும்போது கொப்புளம் வரும். என் ஓட்டு உட்பக்கத்துக்கு. அங்கேயும் வம்பு உண்டு. நிரப்பும்போது மைனஸ் 40 டிகிரி வரை குளிர்ந்த வாயு வந்து மோதும், பிறகு தொட்டி 85 வரை சூடாகலாம். நைலான் விரியும் அளவுக்குக் களிமண் அடுக்கு விரியாது. ஒரு விரிசல் போதும், சுற்றுவழி குறுக்குவழியாகிவிடும். அழுத்தம் இறங்கும்போது லைனரில் மிச்சமிருக்கும் வாயு பூச்சைப் பின்னாலிருந்து உரிக்கப் பார்க்கும். தட்டைப் படலத்தில் அளந்த கசிவு எண்ணோடு, பல்லாயிரம் முறை நிரப்பிக் காலிசெய்த பிறகான எண்ணையும் கேட்க வேண்டும்.