முதுகெலும்பை ஒட்டி

பெல்ட் செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது கத்தியையும் பக்கிளையும் பற்றித்தான். நான் முதலில் அவர்களைச் சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குக் கூட்டிப்போவேன். அங்கே தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிறது. முதுகை ஒட்டிய ஒரு சதுர அடியும் வயிற்றோரத்து ஒரு சதுர அடியும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இடுப்பில் கட்டி இழுக்கும்போது இரண்டும் வேறு. முதுகில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கின்றன. வயிற்றில் அவை தளர்ந்திருப்பதால், அங்கே வெட்டிய வார் நீண்டுகொண்டே போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பதனிடுவதில் பெரும்பங்கு ஷூவின் மேல்பகுதிக்கான குரோம் தோல். அதன் கனம் பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மி.மீ. வரை. ஷூவுக்கு அருமையான தோல்தான், ஆனால் ஒற்றையாக வெட்டினால் பெல்ட் நிற்காது. அதனால்தான் விலை குறைந்த பெல்ட்களில் மெல்லிய இரண்டு தோல்களுக்கு நடுவே அட்டையை வைத்துத் தைக்கிறார்கள். மடிந்து மடிந்து அட்டை நொறுங்கியதும் துளையோரத்தில் தோல் பிளக்கிறது. எனக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3.5 முதல் 4 மி.மீ. கனமுள்ள ஒற்றைத் தோல். குதிரைச் சேணத்துக்குப் பேர்போன கான்பூரிலிருந்து வரும் எருமைத்தோல் இதற்குப் பொருத்தமானது.

பட்டைத் தோலை அடையாளம் காண ஓரத்தில் ஒரு சீவு போதும். உள்வரை பழுப்பாக இருக்கும். வெட்டுமுகத்தின் நடுவில் நீலச்சாம்பல் ஓடினால் குரோம். மெருகு பூசாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொண்டு கருக்கும். திண்டுக்கல், திருச்சிப் பக்கத்து ஈ.ஐ. தோலும், அதாவது கிழக்கிந்தியத் தோலும், பட்டைத் தோல்தான். முன்பு அதற்கு ஆவாரம் பட்டை. பிறகு வாட்டில் வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்கிறோமே, அந்த மரம்தான். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பதால் வெயிலில் சிவந்துபோகாது. ஈ.ஐ. ஆட்டுத்தோல் பெல்ட்டுக்கு மெல்லிசு, கைக்கடிகார வாருக்கு உள்பட்டையாக ஒட்ட அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

தோலை விரித்ததும் நான் புரட்டிப் பார்ப்பது சதைப்பக்கத்தை. உரிக்கும்போது கத்தி இறங்கிய கோடு மேலே தெரியாது. பெல்ட் அறுவது அங்கேதான். பிறகு முடியிருந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடிப்பேன். நுண்ணிய சுருக்கம் விழுந்தால் நல்ல தோல். தடித்த மடிப்பாகப் புடைத்தால் அந்த இடத்தில் மேல்தோல் உள்நாரை விட்டுத் தளர்ந்திருக்கிறது. கழுத்தில் நுகத்தடித் தழும்போ, விலாவில் கொம்பு கீறிய வடுவோ இருந்தால் பலர் ஒதுக்குகிறார்கள். ஆறிப்போன வடு தோலைப் பலவீனமாக்குவதில்லை. அந்த மாடு உழைத்ததின் குறி அது. முன்பக்கம் தெரியும்படியே வைத்து வெட்டுவேன்.

நீளத்துக்குப் பேன்ட் அளவை நம்பக்கூடாது. போட்டுப் பழகிய பெல்ட்டில் பக்கிள் முள் பொருந்திய இடத்திலிருந்து வழக்கமாகப் போடும் துளைவரை அளந்தால் அதுதான் அளவு. அது 36 அங்குலம் என்றால், பக்கிள் மடிப்புக்கும் நுனிக்கும் சேர்த்து ஏறத்தாழ 46 அங்குலத் தோல் வேண்டும். ஒரு அங்குல இடைவெளியில் ஐந்து துளை, நடுத்துளையில் அந்த அளவு. அகலம் ஜீன்ஸுக்கு 38 மி.மீ., அலுவலக உடைக்கு 30 அல்லது 32.

தோலின் முதுகுவிளிம்பு ஒருபோதும் நேராக இருப்பதில்லை. நீண்ட இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, அந்த விளிம்பிலிருந்து குறைந்த அளவே கழித்து ஒரு நேர்கோடு எடுக்க வேண்டும். இந்த ஒரு வெட்டில் நிதானம் வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் எல்லா வாரும் இதைப் பார்த்தே வெட்டப்படும். பிறகு வார் வெட்டும் மரக்கருவியில் அகலத்தைப் பொருத்தி, ஒரு கையால் கருவியையும் மறு கையால் வெட்டுப்பட்ட நுனியையும் பிடித்துக்கொண்டு இழுக்கிறேன். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். மழுங்கியது தோலை வெட்டாமல் தள்ளும். வெட்டுமுகம் சாய்ந்துவிட்டால் தேய்த்து மெருகேற்றும்போது ஓரம் ஒரே மாதிரி உருளாது. ஈரத்தோலில் கத்தியை வைப்பதில்லை, இரும்பும் பட்டைச் சாறும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும்.

முதுகை ஒட்டிய முதல் இரண்டு மூன்று வார்கள் பெல்ட்டுக்கு. வெட்டிய ஒவ்வொன்றையும் இரு முனை பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கமாக வில்லாக வளைந்தால் ஒரு விளிம்பு வயிற்றுப் பக்கம் போய்விட்டது என்று பொருள், அதைச் சின்ன வார்களுக்கு ஒதுக்குவேன். துளை விழும் நுனியை வால்பக்கமாக வைப்பது என் வழக்கம், அங்கே தோல் அடர்த்தி. பையின் இரண்டு கைப்பிடிகளை அடுத்தடுத்த வார்களாகவே வெட்டுவேன். தோளுக்குப் பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக எடுத்தால் சில மாதங்களில் ஒன்று நீண்டு பை சாய்ந்து தொங்கும். மிஞ்சும் வயிற்றுப் பகுதி சாவிக்கொத்து வாருக்கும், கத்தி உறைக்கும், தையல் பழக வருகிறவர்களுக்குத் துண்டுகளாகவும் போகும். அதில் பெல்ட் வெட்டித் தரச் சொல்லி யார் கேட்டாலும், விலை குறைவுக்காகக் கேட்டாலும், வெட்டுவதில்லை.