நாற்காலி போடுவார்கள் என்று தெரிந்தும்

போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் இந்த நாட்டில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் அப்படிச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் 23ஆம் பிரிவில் அதையேதான் சொல்கிறது. அடித்து வாங்கியிருப்பார்களோ என்ற சந்தேகம் வெள்ளைக்காரனுக்கே இருந்திருக்கிறது. நான் இப்போது கொடுப்பதை யாரும் அடித்து வாங்கவில்லை. அதனால் இது செல்லும் என்று நினைக்கிறேன்.

என் குற்றம் வாசிப்பிலிருந்து வளர்ந்தது. அண்ணாமலை நகருக்குப் படிக்க வந்தேன். வேலையும் இங்கேயே அமைந்ததால் தங்கிவிட்டேன். விடுதி நாட்களில் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று கையில் கிடைத்த மாத நாவல்களையெல்லாம் படித்துத் தள்ளினேன். நான் படித்த கதைகளில் கடைசி அத்தியாயத்தில் ஜீப் வந்து நிற்கும், விலங்கு மாட்டுவார்கள், கதை முடியும். ஜீப்பில் ஏறியவன் ஸ்டேஷனுக்குப் போன பிறகு என்ன ஆனான் என்று கதையும் சொல்லாது, நானும் கேட்டதில்லை.

நாற்பது வயதுக்கு மேல் ஸ்வீடன் என்னைப் பிடித்துக்கொண்டது. ஹென்னிங் மான்கெல் எழுதிய கர்ட் வாலண்டர் வரிசை. இஸ்டாட் என்கிற கடலோரச் சிற்றூரில் ஒரு நடுவயது போலீஸ் அதிகாரி. மனைவி பிரிந்து போய்விட்டாள். மகள் எப்போதாவது பேசினால் உண்டு. அப்பா ஓவியர், ஆயுள் முழுக்க ஒரே நிலக்காட்சியைத் திரும்பத் திரும்ப வரைகிறவர், சில படங்களில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், மற்றதில் இருக்காது. வாலண்டர் கண்டதைத் தின்பார், தூங்கமாட்டார், பிறகு சர்க்கரை நோயும் வந்து சேரும். குடித்துவிட்டுக் கார் ஓட்டித் தன் ஆட்களிடமே மாட்டுவார்; அவர்கள் அதை மூடி மறைப்பார்கள். ஒவ்வொரு பிணத்தின் முன்னாலும் இந்த நாடு எங்கே போகிறது என்று கலங்குவார். எனக்கும் சர்க்கரை உண்டு, எனக்கும் தூக்கம் வராது. வாலண்டர் குடியிருக்கும் மரியாகாட்டன் தெரு எனக்கு மனப்பாடம். சிதம்பரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர் குடியிருந்த தெருவின் பெயர் தெரியாது.

வாலண்டரிலிருந்து அவருக்கு முன்னோடியான மார்ட்டின் பெக்கிடம் போனேன். மாய் ஷோவால், பேர் வாலூ என்ற இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்கள். இருவரும் இடதுசாரிகள். பத்து நாவலுக்கும் சேர்த்து ‘ஒரு குற்றத்தின் கதை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குற்றத்தைச் செய்தவர் யார் என்று கேட்டால், மக்கள் நல அரசு என்று பெயர் வாங்கிய அந்த நாடே என்பதுதான் அவர்கள் பதில். கொலையைத் துப்பறியும் சாக்கில் சொந்த ஊர் போலீஸைத் துப்பறிந்தார்கள்.

1971இல் வந்த ஏழாவது நாவல் என்னை உலுக்கியது. மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு மூத்த போலீஸ் அதிகாரியைக் குத்திக் கொல்கிறார்கள். பெக் பழைய கோப்புகளைப் புரட்டுகிறார். செத்தவர் கைதிகளை அடித்த புகார்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன, எல்லாம் தள்ளுபடி. அவற்றில் ஒன்று ஒரு முன்னாள் போலீஸ்காரர் கொடுத்தது. சர்க்கரை நோயாளியான அவர் மனைவி மயங்கிக் கிடந்ததைக் குடிபோதை என்று சொல்லித் தூக்கிப்போய் லாக்கப்பில் போட்டார்கள். இன்சுலின் கிடைக்காமல் அவள் அங்கேயே செத்துப்போனாள். அந்தப் புருஷன் கடைசியில் துப்பாக்கியோடு ஒரு கட்டடத்தின் கூரைமேல் ஏறிவிடுகிறான். போலீஸ் செய்த பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்று உணர்ந்த பெக், அவனைத் தேடி மேலே ஏறிக் குண்டடி படுகிறார். படித்து முடித்த ராத்திரி நான் அழுதேன். மறுநாள் டீக்கடையில் நண்பர்களிடம் அரை மணி நேரம் பேசினேன். ஸ்வீடனில் அரசு அதிகாரிகள் மேலான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் பதவி 1809இலேயே வந்துவிட்டது, அப்படியும் பாருங்கள் என்றெல்லாம் விளக்கினேன்.

வாலண்டர் வரிசையின் முதல் நாவல் வந்தது 1991இல். கிராமத்துக் கிழவர் ஒருவரைக் கொன்றுவிடுகிறார்கள். அவர் மனைவி மருத்துவமனையில் உயிர் விடும்போது சொல்கிற கடைசி வார்த்தை, ‘வெளிநாட்டு’ என்று பொருள்படும் ஒரு சொல். அது வெளியே கசிந்ததும் ஊர்க் கோபம் அகதிகள் முகாம்மேல் திரும்புகிறது. திருட்டும் கொலையும் என்றால் முதலில் யார்மேல் கண் போகும் என்பதை மான்கெல் எவ்வளவு நுட்பமாகக் காட்டிவிட்டார் என்று பக்க ஓரங்களில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

இனி குற்றத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் அம்மா, வேலை நேரம் முடிந்து போனவர், திரும்பி வந்து வாசலில் நின்றார். “எம் புள்ளயப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க சார். செல்போனு திருடிட்டான்னு சொல்றாங்க. நாங்க போனா உள்ளயே வுட மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு நட வந்து ஒரு வார்த்த கேட்டாப் போதும் சார். உங்களக் கண்டா நாற்காலி போடுவாங்க.”

நான் மடியில் வைத்திருந்தது பெக் வரிசையின் எட்டாவது நாவல். குண்டடி பட்டவர் பிழைத்து வேலைக்குத் திரும்புகிற கட்டம். எனக்கு முதலில் தோன்றிய நினைப்பை அப்படியே எழுதுகிறேன்: பையன் ஏதாவது செய்திருப்பான். பக்க ஓரத்தில் நான் கோடு போட்ட அதே சந்தேகம். இரண்டாவது நினைப்பு, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நம் பெயரும் இழுபடும். வாய் சொன்னது இது: “எனக்கு அங்கே யாரையும் தெரியாதும்மா. உங்க வார்டு கவுன்சிலரக் கூட்டிக்கிட்டுப் போங்க.” அவர் கொஞ்ச நேரம் நின்றார். “சரி சார்” என்று போய்விட்டார். போயிட்டுத்தான் வாங்களேன் என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னது காதில் விழுந்தது. விழாதது போல் இருந்துகொண்டேன்.

மறுநாள் ராத்திரி பையனை விட்டுவிட்டார்கள். செல்போன் வேறெங்கோ கிடைத்துவிட்டதாம். வழக்கு எதுவும் இல்லை. அடுத்த வாரம் அவனைத் தெருமுனையில் பார்த்தேன். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு நடந்தான். அந்த அம்மா பழையபடி வேலைக்கு வந்தார், இதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. பிறகு வேறு வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டார். பையனுக்கு உள்ளே என்ன நடந்தது, அவருக்கு அன்றிரவு ஸ்டேஷன் வாசலில் என்ன நடந்தது, இரண்டும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

லாக்கப்பில் இருக்கிறவனைப் பார்க்க ஒரு பெண் தனியாகப் போவது என்றால் என்ன என்பதை மற்ற ஊர்க்காரன் மறக்கலாம், அண்ணாமலை நகரில் இருக்கிறவன் மறக்கக் கூடாது. 1992இல், இது தென்னாற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், இதே அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ஓர் ஏழை மனிதரை அடைத்து வைத்தார்கள். அவரைத் தேடிப்போன மனைவியை நிலையத்திலேயே போலீஸார் கூட்டாக வன்புணர்ந்தார்கள். கணவர் அடிபட்டுச் செத்தார். மார்க்சிஸ்ட் கட்சியும் ஜனநாயக மாதர் சங்கமும் தெருவில் இறங்கிப் போராடின; வருடங்கள் கழித்துக் குற்றம் செய்த போலீஸார் தண்டிக்கப்பட்டார்கள். தமிழ்நாடே அந்தப் பெண்ணின் பெயரால்தான் அந்த வழக்கைச் சொன்னது. நான் அந்தப் பெயரை எழுதவில்லை. அப்போது நான் இங்கே மாணவன். சுவரொட்டிகளைப் பார்த்தேன். விடுதிக்குத் திரும்பிப் போய்த் துப்பறியும் நாவல் படித்தேன்.

1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராசேந்திரனுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலில் சிலை இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறேன். 1992ஐ ஞாபகப்படுத்த இந்த ஊரில் நான் பார்த்து எதுவும் இல்லை. இருந்தது எங்களைப் போன்றவர்களின் ஞாபகம் மட்டும்தான், அதையும் ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பிவிட்டேன்.

1992க்கு அடுத்த ஆண்டு, இதே மாவட்டத்தின் முதனை கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுவைத் திருட்டு வழக்கில் பிடித்துப்போனார்கள். தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் லாக்கப்பில் செத்திருந்தார். வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸார் சிறைக்குப் போக 2006 ஆயிற்று. 2021இல் இந்த வழக்கை வைத்து ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது நான் வழக்கறிஞராக நடித்த சூர்யாவின் பக்கம் நின்று கண் கலங்கினேன். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் இறந்தபோது கைபேசியில் பொங்கினேன். எம். சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலைப் பத்துப் பேருக்குப் பரிந்துரைத்தேன். இத்தனையும் செய்தவன், ஒரு தாய் வந்து ஒரு நடை வாருங்கள் என்றபோது போகவில்லை.

பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கைதுக்கான விதிமுறைகளை வகுத்தது. அரெஸ்ட் மெமோ எழுத வேண்டும். அதில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும். சாட்சி யார்? கைதானவரின் குடும்பத்தில் ஒருவர், அல்லது அந்தப் பகுதியில் மதிப்புக்குரிய ஒருவர். பிறகு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41பி பிரிவாயிற்று. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு. எழுதப் படிக்கத் தெரிந்த, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிற, நாற்காலி கிடைக்கிற ஓர் ஆள் அந்தத் தெருவில் இருப்பான், அவன் வருவான் என்று நம்பிச் சட்டம் அவனுக்கு ஒரு வேலை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த ஆள் நான். ஸ்வீடனின் 1809 தெரிந்திருந்த எனக்கு இந்த 1996 தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா என்று கேட்டால், அன்றைய நான் போயிருக்கமாட்டேன்.

புத்தகங்கள்மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. ஷோவாலும் வாலூவும் ஸ்வீடன்காரர்களுக்கு அவர்கள் ஊர் ஸ்டேஷனைக் காட்டினார்கள். நான் அவர்களை வைத்து என் ஊர் ஸ்டேஷனை மறைத்துக்கொண்டேன். என் மனசாட்சியை வாலண்டருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். அவர் எனக்காகத் தூங்காமல் இருந்தார், எனக்காக வருத்தப்பட்டார், நான் பக்கத்தைப் புரட்டினேன். தூரத்து அநியாயத்துக்கு அழுதால் பக்கத்து அநியாயத்துக்கும் சேர்த்து அழுததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற வசதியை நானாகத்தான் ஏற்படுத்திக்கொண்டேன். வேறு யாரும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

இப்போதும் அந்த நாவல்களைப் படிக்கிறேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரோ, தெருமுனை ஆட்டோக்காரரோ அப்படி வந்து கூப்பிட்டால் கிளம்புங்கள். துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். சும்மா விசாரணைக்குத்தான் என்று சொன்னால், எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டு அங்கேயே இருங்கள். கைது என்றால் அரெஸ்ட் மெமோவைக் கேளுங்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். இதற்கு வீரம் தேவையில்லை, சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் போதும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. அழைக்கக் காசு கிடையாது.