ரெண்டாம் பாகத்து அப்பா

தொடர் நாவலை எப்பவாவது நடுவுல இருந்து படிச்சிருக்கீங்களா பாஸ்? நான் படிச்சேன்.

பழைய புத்தகக் கடையில் சிக்கியது ஜேன் ஹார்ப்பரின் 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' (2017). ஆஸ்திரேலியக் காடு, குளிர், மழை. ஆபீஸ் கேம்ப் போன ஐந்து பெண்களில் நாலு பேர்தான் திரும்பி வருகிறார்கள். விசாரிக்கப் போகும் போலீஸ்காரர் ஆரோன் ஃபால்க், நடுவில் இறந்துபோன அப்பாவின் பழைய மேப்களை எடுத்துவைத்துப் பார்ப்பார். 'முதல்ல ஆளைத் தேடுங்க சார்!' என்று அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன்.

அப்புறம்தான் முதல் பாகமான 'தி ட்ரை' (2016) கைக்கு வந்தது. மழை பொய்த்து, ஆறே வற்றிப்போன கீவாரா என்கிற கற்பனை ஊர். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே ஆற்றில் ஃபால்க்கின் தோழி இறந்துகிடக்க, ஊரே அவரையும் அவர் அப்பாவையும் சந்தேகப்பட்டுத் துரத்துகிறது. பண்ணையை விட்டுட்டு மகனோடு மெல்போர்னுக்குக் கிளம்புகிறார் அப்பா.

ராத்திரி ஒரு மணிக்கு, ரெண்டாம் பாகத்தைத் தேடி எடுத்தேன். அந்த மேப் பக்கங்களை இப்ப தள்ள முடியலை.

யோசிச்சுப் பாருங்க... நம்ம அப்பாவும் நமக்கு ரெண்டாம் பாகத்துலதானே அறிமுகம்? கரன்ட் பில்லுக்குக் கத்துறார், பழைய டிரங்குப் பெட்டியைத் தொட விடமாட்டேங்கிறார். காரணமெல்லாம் முதல் பாகத்துல இருக்கு. அது நாம பிறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு.

லீவுக்குப் போனப்ப கேட்டேன்: ''ஏம்ப்பா காலேஜைப் பாதியில விட்டீங்க?''

டி.வி-யை அணைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தார்.

மூணாவது பாகம் 'எக்ஸைல்ஸ்' (2022) மேஜையிலேயே கிடக்கு. கிடக்கட்டும்... வீட்ல முதல் பாகம் ஓடிட்டிருக்கு!